மோதிரம் சுமந்த நால்வர்

நம் மண்ணின் பலகையாட்டங்களை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். அவை பெரும்பாலும் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்கும் ஆட்டங்கள். தாயத்தில் அடுத்தவர் காயை வெட்டினால்தான் நம் காய் பழமாகும். பல்லாங்குழியில் நம் குழி நிறைய எதிரில் இருப்பவரின் குழி வறள வேண்டும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதத்தில் வெட்டும் குத்தும் இல்லை. ஆயினும் அங்கே ஒவ்வொருவரும் தனித்தே ஏறுகிறார், தனித்தே பாம்பின் வாயில் விழுகிறார். பக்கத்தில் இருப்பவர் இறங்குவதைக் கண்டு சிரிக்கலாம். கைதூக்கி விட வழியில்லை.

ஆடுபுலி ஆட்டம் மட்டும் சற்றே வேறுபட்டது. 3 புலிகளை 15 ஆடுகள் கூடி மடக்குகின்றன. ஒற்றுமையின் வலிமையைச் சொல்லும் ஆட்டம் என்று இதைப் பலரும் பாராட்டுவர். ஆனால் அந்த 15 ஆடுகளையும் நகர்த்துவது ஒரே கைதான். வெட்டுப்பட்ட ஆட்டுக்கு மனம் என்று ஒன்று இல்லை. அந்த ஆடுகள் ஒவ்வொன்றும் ஒரு மனிதராக இருந்து, 'என்னை ஏன் புலியின் முன்னே நிறுத்துகிறாய்?' என்று கேட்டால் அந்த ஆட்டம் எப்படியிருக்கும்? இந்தக் கேள்விக்கு விடைபோல் ஓர் ஆட்டம் சென்ற மாதம் நம் இல்லத்திற்கு வந்து சேர்ந்தது.

பெங்களூரில் பணிபுரியும் நம் தமக்கையின் மகன் விடுமுறைக்கு வரும்போது ஒரு பெரிய அட்டைப்பெட்டியைச் சுமந்து வந்தான். உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் வீடு மாறுகையில் கொடுத்தது என்றான். பெட்டியின் மீது 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்று எழுதியிருந்தது. டோல்கீன் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருங்கதை அது. நம் மாணவர்களிற் பலர் 2001 முதல் 2003 வரை வெளிவந்த திரைப்படங்கள் வழியே அதனை அறிவர். நூலை முழுதும் படித்தவர் எங்களுள் மருமகன் ஒருவனே. நாம் ஆங்கிலத் துறை நண்பரிடம் இரவல் பெற்றுப் பாதிக்குமேல் படித்திருக்கிறோம். துணைவியார் திரைப்படம் மட்டும் பார்த்தவர். தமக்கையாருக்கோ கதையின் பெயரே புதிது.

ஆட்டத்தை அமைத்தவர் ரெய்னர் நிசியா என்னும் செருமானியர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நூற்றுக்கணக்கான ஆட்டங்களைப் படைத்தவர். இவ்வாட்டம் 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. படங்களை வரைந்தவர், டோல்கீனின் நூல்களுக்கு ஓவியம் தீட்டிப் புகழ்பெற்ற ஜான் ஹோவ். செருமனியில் ஆண்டுதோறும் சிறந்த ஆட்டத்திற்கு வழங்கப்பெறும் பரிசின் நடுவர் குழு, 2001 இல் இதற்கெனத் தனிப்பரிசு ஒன்றை அளித்தது. இலக்கியத்தை ஆட்டத்தில் ஆண்ட திறத்திற்கான பரிசு அது. இலக்கியம் கற்பித்து வாழும் நமக்கு இச்செய்தி ஒன்றே ஆட அமர்வதற்குப் போதுமானதாயிற்று.

கணிதரொருவர் காப்பியத்தை எவ்வாறு படித்திருப்பார் என்று அறியும் ஆவல் யாருக்குத்தான் இராது?

ஆட்டத்தின் அமைப்பைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். இருவர் முதல் ஐவர் வரை ஆடலாம். ஒவ்வொருவரும் ஒரு ஹாபிட். அதாவது கதையில் வரும் குள்ள மாந்தருள் ஒருவர். தீய மோதிரம் ஒன்றைச் சுமந்து சென்று எரிமலையில் இட்டு அழிக்க வேண்டும். வழியில் மோரியாச் சுரங்கம், ஹெல்ம்ஸ் டீப் கோட்டை, ஷிலோப் என்னும் சிலந்தியின் குகை, இறுதியில் மோர்டார் என நான்கு இடர்க்களங்கள். ஒவ்வொரு களத்திற்கும் ஒரு பலகை, பலகையில் வழித்தடங்கள். போர், பயணம், மறைவு, நட்பு என்னும் குறிகள் பொறித்த சீட்டுகளை இறக்கினால் அந்தந்தத் தடத்தில் முன்னேறலாம்.

எதிரி யார்? எதிரில் எவரும் இல்லை. சௌரோன் என்னும் தீயோன் ஒரு கரிய காயாக மட்டும் நிற்கிறான். 0 முதல் 15 வரை எண்ணிட்ட ஒரு கோடு இருக்கிறது. ஒளிமுனையாகிய 0 இல் நம் காய்கள். முதன்முறை ஆடுவோர் சௌரோனை மறுமுனையாகிய 15 இல் வைக்கலாம், பழகியவர் 12 இல் வைக்க வேண்டும். இதனை ஆங்கிலத்தில் சொல்வதை விடுத்து நாம் 'கறைக்கோடு' என்று பெயரிட்டுக்கொண்டோம். தீங்கு நேருந்தோறும் நம் காய் இருளை நோக்கி நகரும். சில வேளை அவனே நம்மை நோக்கி நகர்வான். இரண்டும் சந்தித்த கட்டத்தில் அந்த ஹாபிட் ஆட்டத்தை விட்டு நீங்குவார். அவர் கையிலிருந்த சீட்டுகள் எல்லாம் அவரோடு போய்விடும். நீங்கியவர் மோதிரம் சுமப்பவராயின் ஆட்டமே முடிந்தது, அனைவரும் தோற்றோம்.

ஒருவரின் முறை வந்ததும் கவிழ்த்து வைத்த ஓடுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். நல்ல ஓடு வந்தால் முன்னேற்றம். தீய ஓடு வந்தால் அதன் விளைவை ஏற்று மீண்டும் எடுக்க வேண்டும். நல்லது வரும்வரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பகடையும் உண்டு. ஆனால் அதன் ஆறு முகங்களில் நன்மை தருவது ஒன்றுமில்லை. ஒரு முகம் வெறுமையாய் இருக்கிறது. மற்றவை எல்லாம் ஏதோ ஒரு கேடு. தாயம் விழுமா என்று ஏங்கிப் பகடை உருட்டிப் பழகிய நமக்கு, ஒன்றும் விழாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு உருட்டுவது புதிய அனுபவம். சிலப்பதிகாரம் நடத்தும்போது ஊழ்வினை பற்றி மாணவர்க்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். கையில் எடுத்து உருட்டக்கூடிய ஊழை அன்றுதான் கண்டோம்.

ஓடுகளை எடுத்து முடித்தபின் மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். சீட்டு இறக்கி முன்னேறலாம். அல்லது இரண்டு சீட்டுகள் எடுத்துக்கொள்ளலாம். அல்லது ஒன்றும் செய்யாமல் தம் காயை ஒளியை நோக்கி ஒரு கட்டம் பின்னுக்கு நகர்த்திக்கொள்ளலாம். இந்த மூன்றாவது வழியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம்.

மருமகன் ஃப்ரோடோவாகவும், தமக்கையார் சாமாகவும், துணைவியார் பிப்பினாகவும், நாம் மெரியாகவும் அமர்ந்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு தனியாற்றல் உண்டு. சாமுக்குரியது இது: பகடையால் வரும் கேடு எத்தனை பெரிதாயினும் அவனை ஓரளவே தாக்கும். கதையிலும் சாம் அத்தகையவன்தான். தோட்டக்காரன், தலைவனுக்காக எதையும் தாங்குபவன்.

கதையை மருமகன் தன் அன்னைக்குச் சுருக்கிச் சொன்னான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், "இவ்வளவு பாடு எதுக்குடா? அந்த மோதிரத்தைக் கிணத்துல தூக்கிப் போட்டா ஆகாதா?" என்றார். நூலில் எல்ரோண்டின் அவையில் அறிஞர்கள் கூடி ஆராயும் கேள்வியும் இதுவே. கடலில் எறிந்துவிடலாமா என்று அங்கே கேட்கிறார்கள். "எங்க போட்டாலும் ஒருநாள் திரும்பி வரும்மா, உருக்கினாத்தான் தீரும்" என்றான் அவன். "கடன் மாதிரின்னு சொல்லு" என்றார் தமக்கையார். எல்லோரும் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அத்தான் மறைந்தபோது அவனுக்கு வயது பதினொன்று. தமக்கையார் தையல் எந்திரத்தை நம்பி அவனைப் பொறியியல் படிக்க வைத்தார். இரவு பத்து மணிக்குமேல் அவர் வீட்டில் எந்திரம் ஓடும் ஓசையைக் கேட்டே அத்தெரு உறங்கிற்று. வலக்கண்ணில் புரை முற்றிவிட்டது, அறுவை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லி ஈராண்டாகிறது. "இவன் படிப்புக் கடன் அடையட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பதே அவர் விடை. அவன் வேலைக்குப் போய்க் கடனைத் தானே கட்டத் தொடங்கியபின்னும் அந்த விடை மாறவில்லை. இதுபற்றி அவர்களிடையே பேச்சு எழும்போதெல்லாம் அது மனத்தாங்கலில்தான் முடியும்.

மோரியாவைக் கடந்தோம். ஓடுகளில் ஒருவகை உண்டு. அது வெளிப்பட்டால் எவரேனும் ஒருவர் தாமே முன்வந்து இருளை நோக்கி நகர வேண்டும்; எவரும் முன்வராவிடில் சௌரோன் ஒரு கட்டம் நெருங்குவான். முதன்முறை அது வந்தபோது நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள், "நான் போறேன்" என்று தமக்கையார் தம் காயை நகர்த்திவிட்டார். இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை, "எனக்கென்ன, பழகின உடம்பு" என்றார். ஹெல்ம்ஸ் டீப் முடியும் தறுவாயில் கறைக்கோட்டைப் பார்த்தால், துணைவியார் 2 இலும் நாம் 3 இலும் மருமகன் 4 இலும் நிற்க, அவர் மட்டும் 8 இல் நின்றார். சௌரோன் 11 இல் இருந்தான்.

நான்காம் முறை அதே ஓடு வந்தது. தமக்கையாரின் கை காயை நோக்கி நீண்டது. மருமகன் அந்தக் காயின்மேல் தன் கையை வைத்துக்கொண்டான்.

"விடுடா, நான் தாங்கிக்கிறேன்."

"நீ தாங்கிக்கிறது இருக்கட்டும்மா. நீ போயிட்டா உன் கையில இருக்கிற சீட்டெல்லாம் உன்னோட போயிடும். அப்புறம் நாங்க மூணு பேரும் எதை வெச்சு ஆடுறது?"

அவன் குரல் ஆட்டத்திற்கு வேண்டியதைவிடச் சற்று உயர்ந்திருந்தது. யாரும் பேசவில்லை. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையான துணைவியார்தான் அமைதியைக் கலைத்தார். அவர் எண்களை மட்டுமே பேசினார். "அண்ணி, உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல மூணு கட்டம்தான் இருக்கு. எனக்கு ஒன்பது இருக்கு. இந்தத் தடவை நான் போறதுதான் கணக்கு" என்று தம் காயை நகர்த்தினார். பின்பு, "உங்க முறை வந்ததும் சீட்டு எறக்காதீங்க. காயைப் பின்னாடி நகர்த்துங்க" என்றார்.

தமக்கையார் வியப்போடு கேட்டார்: "என் முறைய எனக்காகவே செலவழிக்கிறதா? எல்லாரும் ஓடிட்டிருக்கும்போது நான் மட்டும் உக்காந்து மூச்சு வாங்கணுமா?"

"அதுக்குத்தான் அந்த விதியே இருக்கு" என்றான் மருமகன்.

அடுத்த முறையில் அவர் தம் காயை 7 க்கு நகர்த்தினார். அதற்கடுத்த முறையில் 6 க்கு. ஏதோ தவறு செய்பவர்போல் இருமுறையும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே நகர்த்தினார்.

இவ்விடத்தில் ஆட்டத்தின் அமைப்பைப் பற்றி ஒரு சொல். தியாகத்தைப் போற்றும் காப்பியங்களையே நாம் படித்தும் படிப்பித்தும் வருகிறோம். பிறர்க்காகத் தன்னைத் தேய்ப்பவரே நம் கதைகளில் உயர்ந்தோர். நிசியா என்னும் கணிதர் தியாகத்தை மறுக்கவில்லை; அதற்கு விதிகளில் இடம் வைத்திருக்கிறார். சில கட்டங்களில் ஒருவர் தம்மை ஈந்தாலன்றி ஏனையோர் கடக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலையும் வைத்திருக்கிறார். ஒருவரே எல்லாவற்றையும் தாங்கினால் அது கூட்டத்திற்கு நன்மையன்று, கேடு என்று ஆட்டத்தின் எண்கள் சொல்கின்றன. சுமை பகிரப்பட வேண்டும்; சுமந்தவர் இளைப்பாற வேண்டும்; அந்த இளைப்பாறலும் அனைவருக்குமான பணி. அறநூலார் அதிகாரம் வகுத்துச் சொல்லத் தக்க கருத்தை அவர் மூன்று தெரிவுகளுள் ஒன்றாகச் சத்தமில்லாமல் வைத்துவிட்டார்.

இனி ஆட்டத்தின் முடிவு. ஒவ்வொரு களத்தின் இறுதியிலும் மோதிர வில்லைகள் அதிகம் பெற்றவரிடம் மோதிரம் போய்ச் சேரும். அவ்விதிப்படி ஷிலோப்பின் குகையைக் கடந்தபோது மோதிரம் துணைவியாரிடம் வந்தது. அக்களத்தில் அவருக்கு வேண்டிய வில்லைகள் கிட்டவில்லை, கறை ஏறிற்று. மோர்டாரில் தடைகளைத் தாண்ட ஒருமுறை மோதிரத்தை அணிந்தார்; அணிந்தால் பகடை உருட்ட வேண்டும் என்பது விதி; மேலும் ஏறிற்று. அவர் 8 இல் நிற்க, சௌரோன் 9 இல் நின்றான். எரிமலைக்கு இன்னும் சில கட்டங்களே. அடுத்து உருட்டிய பகடையில் விழுந்தது சௌரோனின் முகம். அவன் ஒரு கட்டம் நகர்ந்தான். அவ்வளவுதான்.

தமக்கையார் 7 இல் இருந்தார். நாமும் மருமகனும் அவருக்கும் பின்னே இருந்தோம். மூவர் பிழைத்திருந்தும் ஆட்டம் முடிந்துவிட்டது. "நான் சாகலையே, அப்புறம் எப்படித் தோத்தோம்?" என்று தமக்கையார் கேட்டார். விளக்கிச் சொன்னதும் சற்று நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, தோத்தா எல்லாருமாத்தானே தோத்தோம். இன்னொரு தடவை போடு" என்றார். மணி பதினொன்றரை. ஒன்றரை மணி நேரத்தில் முடியக்கூடியது என்று மருமகன் சொல்லியிருந்த ஆட்டம் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் எடுத்திருந்தது. இரண்டாம் ஆட்டத்தையும் அன்றிரவே தொடங்கினோம். அதிலும் தோற்றோம், ஷிலோப்பின் குகையைக்கூடத் தாண்டவில்லை.

இலக்கிய மாணவர் நோக்கில் சில குறைகளையும் சொல்லியாக வேண்டும். டோல்கீனின் கதையில் ஹெல்ம்ஸ் டீப் போரில் ஹாபிட்டுகள் எவரும் இல்லை. ஃப்ரோடோவும் சாமும் வேறு திசையில் சென்றுகொண்டிருக்கிறார்கள். மெரியும் பிப்பினும் மரமாந்தரோடு இருக்கிறார்கள். ஆட்டமோ அனைவரையும் ஒரே வழியில் நடத்திச் செல்கிறது. கதையில் பிரிவு ஒரு பேருணர்வு. ஆட்டத்தில் அதற்கு இடமில்லை. உரையாடல்களும் பாடல்களும் நிலக்காட்சிகளும் சீட்டுகளின் குறிகளாய்ச் சுருங்கிவிட்டன. கதையறியாதவர்க்குச் சில நிகழ்வுகள் வெறும் கட்டளைகளாகவே தோன்றும்.

ஆயினும் ஒரு மாற்றம் நம்மைக் கவர்ந்தது. ஐந்தாமவர் ஆடினால் அவருக்கு ஃபாட்டி என்னும் பாத்திரம் தரப்படுகிறது. நூலில் அவன் பயணம் போகாதவன். மற்றவர் புறப்பட, ஊரில் உள்ள வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பின்தங்கியவன். ஆசிரியர் வீட்டில் விட்டுச் சென்றவனை ஆட்டம் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறது. காப்பியங்களில் வாயிலோடு நின்றுவிட்ட எத்தனையோ பேரை எண்ணிக்கொண்டோம்.

கூட்டாட்டங்களுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. நன்கறிந்த ஒருவர் மற்றவர்க்கும் சேர்த்து முடிவெடுத்துவிட்டால் அது ஆடுபுலி ஆட்டத்து ஆடுகளின் நிலையாகிவிடும். முதல் அரைமணி நேரம் மருமகன் அப்படித்தான் ஆணையிட்டுக்கொண்டிருந்தான். "என் சீட்டை நான் பாத்துக்கறேன், நீ உன் சீட்டைப் பாரு" என்று அவன் அத்தை சொன்னபின் அடங்கினான். மேசையில் அப்படி ஒருவர் இருப்பது நல்லது.

இத்தகைய ஆட்டங்கள் இதற்கு முன்பும் இருந்தன. 1987 இல் வெளிவந்த 'ஆர்க்காம் ஹாரர்' ஓர் எடுத்துக்காட்டு. நிசியாவின் ஆட்டத்திற்குப் பின் 2008 இல் மேட் லீகாக் அமைத்த 'பாண்டமிக்' பெரும்புகழ் பெற்றது. உலகெங்கும் பரவும் நோய்களை ஆடுவோர் கூடித் தடுக்கும் ஆட்டம் அது. சௌரோனாகவே ஒருவர் அமர்ந்து மற்றவரை எதிர்க்கும் இணைப்பு ஒன்றும் நிசியாவின் ஆட்டத்திற்கு 2002 இல் வந்திருக்கிறது. அதை வாங்கும் எண்ணம் நமக்கு இப்போதைக்கு இல்லை. எதிரில் ஆளில்லாமல் ஆடும் இன்பத்தை இன்னும் சிறிது காலம் துய்க்க விரும்புகிறோம்.

திருக்குறளில் சூதுக்கென ஓர் அதிகாரமே உண்டு. பாரதத்தின் பேரழிவு ஒரு பகடையில் தொடங்குகிறது. ஆட்டம் என்றாலே ஐயத்தோடு பார்க்கும் மரபு நம்முடையது. ஆனால் அதே மரபில்தான், வேப்ப மரத்து நிழலில் தரையில் கோடு கிழித்து நெல்லிக்காயைக் காயாக்கி ஆடும் சிறுவர்களை நற்றிணை நமக்குக் காட்டியிருக்கிறது. பொருள் வைத்து ஆடுவது சூது. பொழுது வைத்து ஆடுவது ஆட்டம். கூடியமர்ந்து பொழுதைச் செலவிட்டவர் அதில் எதையும் இழப்பதில்லை என்பதே நம் துணிபு.

மருமகன் பெங்களூருக்குத் திரும்பிவிட்டான். பெட்டியை இங்கேயே விட்டுச் சென்றிருக்கிறான். அவன் புறப்பட்ட மறுநாள் தமக்கையார் வந்து, "தம்பி, அந்தக் கண் டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு உன்கிட்டதானே இருக்கு? எடுத்து வை" என்றார். எடுத்து வைத்திருக்கிறோம். நாள் இன்னும் குறிக்கவில்லை. பொங்கலுக்குப் பின் என்கிறார். பொங்கலுக்கு மருமகன் வருவான். அப்போது சௌரோனை 12 இல் நிறுத்தி ஆட வேண்டும் என்று துணைவியார் சொல்லிக்கொண்டிருக்கிறார். 15 இலேயே இருமுறை தோற்றவர்கள் 12 இல் எப்படி வெல்வது என்று கேட்டால், அதற்கும் அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது.